செம்பில் விழாத கூந்தல்

ஐந்தாவது செப்பு வில்லையும் வீணாய்ப் போனது.

நாணயம் அடிக்கும் மேஸ்திரி கான்ராட் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். சுதந்திர தேவியின் மூக்கும் உதடும் நன்றாகப் பதிந்திருந்தன. பின்னால் அவிழ்ந்து கிடக்கும் கூந்தல் மட்டும் கஞ்சி ஆடை போல மங்கிக் கிடந்தது.

நாளைக் காலை வெள்ளி வில்லைகள் வருகின்றன. இந்த நாட்டின் முதல் வெள்ளி டாலர். வெள்ளியைப் பாழாக்காமல் செம்பில் அடித்துப் பார்க்க இன்று ஒரு நாள்தான்.

பிலடெல்பியா நாணயச் சாலையில் இருந்த இந்த அச்சு எந்திரமோ சின்னக் காசுகளுக்குச் செய்தது. அதன் நெம்புகோலை நான்கு பேர் இழுத்தாயிற்று. இன்னும் ஆள் போட்டால் அச்சே விரிசல் விடும்.

எந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. திட்டுவதற்குக் கிடியன் இருந்தான். அச்சு செதுக்குகிறவன், கான்ராடுக்கு அடுத்த வீட்டுக்காரன்.

"உன் தேவிக்கு ஒரு சீப்பு வாங்கிக் குடுய்யா! சந்தையில மீன் விக்கிறவகூட முடிஞ்சு கட்டிக்கிட்டுத்தான் வர்றா."

நெம்புகோல் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒரு மாதமாக இதே பாட்டு. இத்தனை இழை வேண்டாம், ஒரு ரிப்பனாவது கட்டு என்று சொல்லிச் சொல்லிக் கான்ராடுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கிடியன் ஒவ்வொரு முறையும் தலையாட்டுவான். மறுநாள் பார்த்தால் இன்னும் இரண்டு இழை கூடியிருக்கும்.

"இதைக் கழட்டு. கொண்டை போட்ட பழைய அச்சு அலமாரியில கிடக்கு, அதை மாட்டு."

"முடியாதுண்ணே."

"ஏன் முடியாது? எந்த ஊர்ல, எந்தப் பொண்ணுக்குய்யா இவ்வளவு முடி?"

கிடியன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"போன வருஷக் காய்ச்சல்ல எம் பொண்ணு தலையில மருந்துப் பத்து போடணும்னு டாக்டர் சொன்னாரே. எனக்குக் கை வரலைன்னு நீங்கதானே மழிச்சு விட்டீங்க. பொதைக்கும்போதும் அப்படியேதான் இருந்தா."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கான்ராட் செப்பு வில்லையை மேசைமேல் வைத்தான். பிறகு வாசலுக்குப் போய், உலைக் கொட்டகையில் இருந்த இரண்டு பேரைக் கத்திக் கூப்பிட்டான். குரலில் எரிச்சல் துளியும் குறையவில்லை.

வந்தவர்களை நெம்புகோலின் நடுவில் நிறுத்தினான்.

நுனியை அவனே பிடித்துக்கொண்டான்.