ஏழாவது ஆளின் சத்தம்

மேடையில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஆறு பேர் எழுப்பிய சத்தம் மருந்துக்கடைக்காரருக்கு நன்றாகவே கேட்டது.

ஏழாவது ஆள்தான் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன்.

டிரம்ஸ் அதிர்ந்தது. கீபோர்டு குழைந்தது. டிரம்பெட்காரர் கன்னம் வெடித்துவிடும்போல ஊதினார். பாடகி ஒரு கையில் மைக்கையும் இன்னொரு கையில் மொத்தச் சபையையும் பிடித்து வைத்திருந்தாள். அந்தப் பையன் மட்டும் பின்னால், நீளக் கழுத்துக் கிடார் ஒன்றை மாட்டிக்கொண்டு, தொலைத்த சில்லறையைத் தேடுகிறவன் மாதிரி தலையைக் குனிந்தபடி நின்றான். விரல்கள் என்னவோ அசைந்தன. அதே நாலு இடம், திரும்பத் திரும்ப அதே நாலு இடம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா. இவன் என்னதான் வாசிக்கிறான்?" என்று மகளின் காதில் கத்தினார்.

"அது பேஸ் கிடார்ப்பா. அப்படித்தான் இருக்கும். பேசாம பாட்டைக் கேளுங்க."

அப்படித்தான் இருக்கும் என்றால் எப்படி? கடையில் வேலைக்கு வைத்த ஆள் என்ன செய்கிறான் என்றே யாருக்கும் தெரியவில்லை என்றால், அவனை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்?

மகள் ஒரே ஒரு வாய்ப்புத்தான் கேட்டிருந்தாள். ஒரு தடவை நேரில் வந்து கேளுங்கள், பிறகும் வேண்டாம் என்றால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று. சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருந்தது. அப்பாவோ வேண்டாம் என்று சொல்லும் முடிவோடுதான் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பையன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. பயம்தான். கூட்டத்தில் இருந்தும் இல்லாத மாதிரி நிற்கிறவனை நம்பி ஒரே பெண்ணை எப்படிக் கொடுப்பது? நாளைக்கு நாலு பேர் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், பின்னால் நிற்கிறார் என்றா சொல்வது?

அரங்கத்தில் பாதி நாற்காலிகள் காலி. அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அவர் அசையவே இல்லை.

திடீரென்று பாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது.

நின்றுபோகவில்லை. டிரம்ஸ்காரர் அடித்துக்கொண்டுதான் இருந்தார், பாடகி பாடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாமல், சந்தைக் கூச்சலாகக் கேட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவருக்கே, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்து ஏமாந்த மாதிரி இருந்தது.

மேடையைப் பார்த்தார். பையனின் விரல்கள் அதே நாலு இடத்தில்தான் அசைந்துகொண்டிருந்தன. அவனுக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் விளக்கு அணைந்திருந்தது.

அடடா! இவ்வளவு நேரமும் பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது இவன் சத்தம்தானா?

வாசிப்பது தனக்கே கேட்காமல் பையன் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எவன் அவன், நன்றாக வாசித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கரண்டைப் பிடுங்கியது?

கண்ணாலேயே ஒயரைத் தேடினார். பெட்டியிலிருந்து கிளம்பி, மேடை விளிம்பில் இறங்கி, தரையோடு தரையாக வந்து, முன்வரிசைக்கு எதிரே இருந்த பிளக் பெட்டியில் முடிந்தது. பிளக் மட்டும் வெளியே கழன்று கிடந்தது. குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்த புகைப்படக்காரரை ஒரு முறை முறைத்தார். படம் எடுக்கிறவனுக்குக் காலைப் பார்த்து வைக்கத் தெரிய வேண்டாமா?

நாற்காலியில் இருந்தபடியே குனிந்து, பிளக்கை எடுத்து அழுத்திச் சொருகினார்.

தும்... தும் தும்... தும்.

தரையிலிருந்து கிளம்பி, நாற்காலிக் கால் வழியாக முதுகில் ஏறியது அது. சபை விசிலடித்தது. அந்த நாலு சத்தத்தின் மேல் டிரம்ஸும் டிரம்பெட்டும் பாட்டும் வந்து ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன. மறுபடியும் அதேதான், மறுபடியும் அதேதான். அலுக்கவே இல்லை. இன்னும் ஒரு சுற்று வராதா என்றுதான் இருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் தனக்குள் இருப்பது அவருக்கே தெரியாது.

குனிந்த தலை நிமிர்வதற்குள், மூக்குக்கு நேர் கீழே கறுப்பு ஷூ ஒன்று தாளம் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அதன் நுனி ஒயரைக் கொக்கி போட்டு ஓர் இழுப்பு இழுத்தது.

பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. காலையில் அவரே போட்டது.

சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அங்கே போயும் அது சும்மா இருக்கவில்லை. புகைப்படக்காரர் இருந்த பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் பையன் மேடையிலிருந்து குதித்து, வியர்வையைத் துடைக்கக்கூட மறந்து, அவர் முன்னால் வந்து நின்றான்.

"மன்னிச்சுடுங்க சார். நீங்க கேக்க வந்த அன்னிக்குப் போய் நடுவுல கரண்ட் போயிடுச்சு."

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கல்யாணத்தன்னிக்கும் நீங்கதான் வாசிக்கணும். ஒயரை மட்டும் என் காலுக்கு எட்டாத தூரத்துல வச்சுக்குங்க, மாப்பிள்ளை."