டொரத்திக்குப் பக்கத்தில்

"யாரைக் கேட்டு இங்கே புதைச்சீங்க?"

கபிரியேல் போட்ட சத்தத்தில் கோயில் உபதேசியார் கிரிகரிக்குக் கை கால் ஓடவில்லை.

கபிரியேல் ரயில்வேயில் பெரிய கிராணி, ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் பக்கம் அவர் நடந்து வந்தால், சீட்டாடிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அவர் மனைவி டொரத்தி போன வருஷம் இறந்துபோனாள். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்து அவளுக்குப் பூ வைப்பார். அதன் பிறகுதான் சாப்பாடு. அவளுக்குப் பக்கத்து இடம் தனக்கு என்று பங்குச் சாமியாரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

ஆபீஸ் வேலையாகப் பினாங்கு போய்த் திரும்பியவர் இன்று வந்து பார்த்தால், அந்த இடத்தில் புது மண் மேடு.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. மழை விடாமப் பேஞ்சு பின்பக்கம் பூராவும் தண்ணி. குழி தோண்டத் தோண்ட ஊறுது. காய்ஞ்ச மண்ணு இங்கதான் இருந்துச்சு. சாமியார்தான் இங்க வைக்கச் சொன்னார்."

"யாரு இது?"

"கிள்ளான் பக்கத்து எஸ்டேட் பொம்பளை. காய்ச்சல்ல பேச்சு மூச்சு இல்லாமக் கிடந்தவளை லோரியில கொண்டாந்து ஆஸ்பத்திரியில இறக்கிட்டுப் போயிட்டாங்க. கழுத்துல மாதா உத்தரியம் இருந்ததால, வேதக்காரின்னு நமக்கு ஆள் அனுப்பினாங்க. சாமியார் ஜெபம் சொல்லி அவஸ்தை எண்ணெய் பூசி முடிக்கவும் உயிர் போச்சு."

"கூலியா?"

"ஆமாங்க. ஆனா மண்ணுக்குள்ள போனப்புறம் கிராணி என்ன, கூலி என்ன? சர்வேசுரன் முன்னால எல்லாரும்..."

"பிரசங்கம் வேணாம். பேரு என்ன?"

"தெரியாதுங்க. யாரும் தேடி வரல."

கபிரியேல் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கொண்டுவந்த பூவை டொரத்தியின் கல்லறையில் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"இதை நான் இப்படியே விடப்போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டுக் கிள்ளான் ரயில் ஏறியதைக் கோயில் ஜனங்கள் பார்த்தார்கள்.

"எஸ்டேட் துரைகிட்ட நேராப் பேசப் போறார்" என்றாள் கிரிகரியின் மனைவி வெரோனிகா. "வெள்ளைக்காரங்க கூட இங்கிலீஷ்ல வாதாடற மனுஷன். 'உங்க பிணத்தை நீங்களே தோண்டி எடுத்துட்டுப் போங்க'ன்னு சொல்லிட்டு வருவார், பாருங்க."

"சே, அப்படியெல்லாம் செய்ய மாட்டார்."

"செய்ய மாட்டாரா? பொண்டாட்டி பக்கத்துல படுக்க ஆசைப்பட்ட இடம். அதுல ஒரு கூலிக்காரியைக் கொண்டுபோய் வச்சா யாருதான் பொறுப்பாங்க?"

கிரிகரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சாமியாரிடம் போய்ச் சொன்னார். சாமியார், "வரட்டும், நான் பேசிக்கிறேன்" என்றார். ஆனால் அவர் முகத்திலும் கவலை இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வெரோனிகா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"நான் சொன்னேனே, கேட்டீங்களா? கிராணி மண்வெட்டியோட கல்லறைத் தோட்டத்துல நிக்கிறார்! தோண்டிக்கிட்டு இருக்கார்!"

கிரிகரி செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

கபிரியேல் கோட்டைக் கழற்றி டொரத்தியின் கல்லறை மேல் போட்டிருந்தார். வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரை சேறு. அந்தப் பொம்பளையின் தலைமாட்டில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, வெட்டுக்கு வெட்டு மண் அவர் மேலேயே தெறித்தது.

"ஐயா, வேணாம்! பாவம் ஐயா! செத்தவங்களை அசைக்கக் கூடாது!"

"யாரு அசைக்கிறா? இப்படி வந்து இதைப் பிடிங்க."

அப்போதுதான் கிரிகரி பார்த்தார். புல்லில் ஒரு மரச் சிலுவை கிடந்தது. புது மரம், வெள்ளைப் பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. குறுக்குக் கட்டையில் 'மிக்கேலம்மாள்' என்று எழுதியிருந்தது.

கிரிகரி சிலுவையைத் தூக்கிப் பிடித்தார். கபிரியேல் மண்ணைத் தள்ளி மிதித்தார்.

"ஒவ்வொரு எஸ்டேட்டா ஏறி இறங்கினேன். கடைசியில ஒரு கூலி லயத்துல இவளைத் தெரிஞ்சவங்க கிடைச்சாங்க. ரப்பர் மரத்துல பால் வெட்டினவ. புருஷன் முன்னமே போயிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனவ என்ன ஆனான்னே அவங்களுக்குத் தெரியல. இவளைப் பத்திக் கேட்க ஒருத்தர் வந்தாரேன்னு லயமே அழுதுச்சு, உபதேசியாரே."

"நாங்க எல்லாம் நீங்க கோபமாப் போனதா..."

"கோபமாத்தான் போனேன். பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசிச்சப்பதான், அந்த இடம் என்னைவிட அவளுக்குத்தான் அவசரம்னு புரிஞ்சுச்சு."

"அப்ப உங்களுக்கு ஐயா?"

"டொரத்தியோட கால்மாட்டுல கொஞ்சம் இடம் கிடக்கே, அது போதும் எனக்கு."

கிரிகரி சிலுவையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இடத்தைக் கொடுத்தீங்க, சரி. அதுக்காக ஒரு பேரைத் தேடி இவ்வளவு தூரம் அலைஞ்சீங்களா?"

கபிரியேல் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் டொரத்தியால ஒரு நிமிஷம் பேசாம இருக்க முடியாது. பக்கத்துல இருக்கிறவளைப் பேர் தெரியாம அவ எப்படிய்யா கூப்பிடுவா?"