நாற்பது நிமிடம்

மனநல ஆலோசகராக அன்றைக்கு நான் பார்த்த ஒன்பதாவது குடும்பம் அது. பதினைந்து வயது இதழினியின் கையில் மனநிலைப் பட்டை. அவள் மனம் சற்றே வாடினாலும் அம்மாவின் போன் அலறிவிடும்.

“அப்ப எப்பதான் அழுவே?” என்று கேட்டேன்.

“சார்ஜ் போடுறப்ப, மேடம். தெனமும் நாப்பது நிமிஷம் கழட்டி வைப்போம்ல, அதுக்குள்ள அழுது முடிச்சிருவேன். அம்மாட்ட சொல்லிராதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். களைப்போடு அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். கொஞ்ச நாளைக்குப் பட்டை வேண்டாமே என்று நான் தொடங்குவதற்குள் அவர் பையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தார்.

“இதுக்கு சார்ஜே வேண்டாம் மேடம். உடம்புச் சூட்டுலயே ஓடும். கழட்டவே வேண்டியதில்ல.”

இதழினி பெட்டியையே பார்த்தாள். அம்மாவின் போன் அலறியது.

“பாத்தீங்களா மேடம்? நல்லவேளை, வாங்கிட்டேன்.”