இன்னொரு பூட்டு

அந்தப் பெண் டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். டாக்டருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. நாலு மாத்திரைக்கு இவ்வளவு நன்றியா! சொந்த ஊரில் சாகக் கிடந்தவரைப் பிழைக்க வைத்தாலும் பில்லைப் பார்த்து முறைத்துவிட்டுத்தான் போவார்கள்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

டாக்டருக்குத் திக்கென்றது. ராத்திரியோடு ராத்திரியாக இவளும் கிளம்பிவிட்டாளா? கொஞ்ச நாளாகவே இப்படித்தான், ஒவ்வொரு வீடாகத் தெரு காலியாகிக்கொண்டிருந்தது.

கைக்குழந்தையைப் புருஷன் பொறுப்பில் விட்டுவிட்டு, சம்பளம் வாங்காமல் சேவை செய்யக் கடல் தாண்டி வந்தவர் அவர். இந்த மலையடிவாரத்துக் கிராமத்தில் பரவிய வயிற்றுப்போக்கு கிணற்றுத் தண்ணீரால் வந்தது. காய்ச்சிக் குடித்தால் தீர்ந்தது. அதற்குப் போய் யாராவது ஊரை விட்டு ஓடுவார்களா? ஊர் காலியானால் மலையை உடைத்துக் கல் எடுக்கலாம் என்று ஒரு குவாரி கம்பெனி வேறு காத்துக்கொண்டிருந்தது. பிறகு இவர்கள் திரும்பி வர வீடு இருக்காது.

அதனால் வருகிற ஒவ்வொருவரிடமும் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். சின்ன வியாதிதான், பயப்படாதீர்கள், வீட்டை விட்டு மட்டும் போகாதீர்கள் என்று கெஞ்சாத குறை. அவருக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. டவுனிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளர்தான், அவர் இங்கிலீஷில் சொல்வதை ஜனங்களிடம் சொல்வார். தங்கமான மனிதர், ஒரு நாளும் முகம் கோணியதில்லை. என்ன, டாக்டர் சாண் பேசினால் அவர் முழம் பேசுவார்.

"சுருக்கமாச் சொன்னா இவங்க மண்டையில ஏறாது டாக்டர்" என்பார் சிரித்துக்கொண்டே.

கம்பெனி ஆட்கள் மிரட்டுகிறார்களோ என்று அவரிடமே கேட்டார் டாக்டர். அவர்கள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லையே என்றார் அவர். அதுவும் நிஜம்தான். ஒரு சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனாலும் பூட்டுகள் கூடிக்கொண்டே போயின.

யாரோ விட்டுவிட்டுப் போன நாய் ஒன்று வாசல் வாசலாகப் போய் முகர்ந்து பார்த்தது. மலையடியில் பெரிய பெரிய இயந்திரங்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றன, நேற்றைவிட இன்று அதிகம். கண்ணுக்குத் தெரியாத எதனோடு மல்லுக்கட்டுகிறோம் என்றே டாக்டருக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானம் கிளினிக்கில் ஈ காக்காய் இல்லை. மொழிபெயர்ப்பாளர் போன் பேச வெளியே போயிருந்தார். மூட்டை முடிச்சுகளோடு ஒரு வண்டி வாசலில் வந்து நின்றது. ஊரில் மிஞ்சியிருந்த கடைசிக் குடும்பம். வண்டியிலிருந்து ஒரு மேஸ்திரி இறங்கி உள்ளே வந்தார்.

"போயிட்டு வரேன் டாக்டரம்மா" என்றார்.

தமிழ்! டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெளிதேசத்தில் தமிழ் ஆட்களோடு வெகுகாலம் கொத்து வேலை பார்த்தவராம் மேஸ்திரி. கிளினிக்குக்குப் போய்வந்த மனைவி போனில் ஒரேயடியாக அழுததால், குடும்பத்தை அழைத்துப்போக நேற்றுத்தான் வந்தாராம்.

டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாளும் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை அவரிடம் கொட்டினார்.

"அண்ணே, உங்க கால்ல வேணாலும் விழறேன், போகாதீங்க. இந்த ஊருக்கு ஒண்ணுமே இல்ல. யாரு உங்களையெல்லாம் இப்படிப் பயமுறுத்தி விரட்டுறது? அதை மட்டும் சொல்லுங்க."

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க, இங்கயே இருந்தா ஒரு பிள்ளைகூடத் தங்காதுன்னு?"