திரும்பிப் பார்க்காதவள்

“மூணு வெள்ளி. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது” என்று சொல்லிவிட்டு செல்லாயி எழுந்து நடந்தாள்.

மூன்று எட்டு பின்னால் நானும் நடந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் கடைகளில் என் இடம் அதுதான்.

அது நாலு வெள்ளிச் சேலை. அரக்கு நிறம், மஞ்சள் கரை. ஈப்போ பட்டணத்துப் பெரிய ஜவுளிக்கடையில் தீபாவளி மலிவு விற்பனை; ஆறு என்று இருந்ததை அடித்து நாலு என்று எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் பலகையில் ‘ஒரே விலை’ என்று கொட்டை எழுத்து. செல்லாயிக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அவளிடம் படித்துக் காட்டும் துணிச்சல் இல்லை.

எல்லாம் எதிர்வீட்டு நவமணியால் வந்த வினை. போன வாரம் இதே கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்து, “அங்க உன் பேரமெல்லாம் செல்லாதுலா” என்று எங்கள் தோட்டத்துக் குழாயடியில் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாள். செல்லாயி குடத்தை இறக்கி வைத்து, நாலு வெள்ளிச் சேலையை மூணுக்கு வாங்கிக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டாள்.

ஊர் வாயை மூடினாலும், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளின் வாயை மூட முடியாது. வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த தீபாவளிவரை அவளுக்குக் குழாயடியில் நிம்மதி இல்லை. அவளுக்கு இல்லையென்றால் எனக்கு ஏது?

எங்கள் பக்கத்து ஊர் கோப்பெங் கடைத்தெருவில் அவள் தோற்றதே கிடையாது. விலையைச் சொல்வாள், நடப்பாள். திரும்பிப் பார்த்தால் பேரம் போச்சு என்பது அவள் சட்டம். பத்தாவது எட்டுக்குள் கடைக்காரர், “வா தங்கச்சி, எடுத்துக்க” என்று கூப்பிட்டுவிடுவார்.

ஏன் கூப்பிடுகிறார் என்பது எனக்கும் கடைக்காரர்களுக்கும் மட்டும் தெரியும்.

அவள் முதுகுக்குப் பின்னால், குறைகிற காசுக்குத் தக்கபடி விரலைக் காட்டி, என் மடியைத் தட்டுவேன். மிச்சத்தை நான் தருகிறேன் என்று அர்த்தம். கெட்டிக்காரி என்ற பேர் அவளுக்கு. அந்தப் பேரோடு அவள் லயத்துக்குள் நுழையும் நடை இருக்கிறதே, அதைப் பார்க்க எத்தனை காசும் கொடுக்கலாம்.

இன்றைக்கும் ஒரு விரலைக் காட்டினேன். மடியில் ஒரு வெள்ளி இருந்தது. தீபாவளிச் சட்டைக்காக ஆறு மாதம் வெற்றிலையைக் குறைத்துச் சேர்த்தது.

ஆனால் சேலை காட்டிய நாகூர் மீரான் வேலைக்குப் புதுசு. என் விரலைப் பார்த்தார். இன்னொரு சேலையை எடுத்து விரித்தார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். மறுபடி ஒரு விரல், மறுபடி மடியில் ஒரு தட்டு. அவர் முகத்தில் இரக்கம் வந்தது. கொல்லைப்பக்கம் போகும் பின்கதவைக் காட்டி, சீக்கிரம் போங்கள் என்று கையை ஆட்டினார்.

செல்லாயி பத்தாவது எட்டைத் தாண்டிவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. நடை மெதுவானது. குடைகளைத் தொட்டுப் பார்த்தாள். குனிந்து மெட்டியைச் சரிசெய்தாள். வாசலை ஒட்டி நின்று கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். மறுபடி அவிழ்த்தாள். அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் தோள் குலுங்கியது.

பாவி மனுஷி, அழுகிறாள்.

ஒரே சேலையை ஆளுக்கொரு முனையாக இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு அடியில் குனிந்து புகுந்து, ஓடிப்போய் வெள்ளியை மேசையில் வைத்தேன்.

“கூப்பிடுங்க அண்ணே! மூணு வெள்ளிக்குத் தாரேன்னு சத்தமா கூப்பிடுங்க!”

மீரான் வெள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கவேண்டும். கடையே அதிரும்படி, “அக்கா! மூணு வெள்ளிக்கே எடுத்துக்கங்க! வாங்க!” என்றார்.

செல்லாயி ராணி மாதிரி திரும்பி வந்தாள். கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று வெள்ளியை எண்ணி வைத்தாள். முடிச்சில் ஒரு வெள்ளி மிச்சம்.

போகலாம் என்று நான் நகர்ந்தேன். அவள் நகரவில்லை. அடுக்கி வைத்திருந்த சட்டைகளில் ஒரு வெள்ளைச் சட்டையைக் காட்டி விலை கேட்டாள்.

“ஒரு வெள்ளி அக்கா. ஒரே விலை” என்றார் மீரான், பயந்துகொண்டே.

செல்லாயி மிச்சமிருந்த வெள்ளியை எடுத்துக் கொடுத்தாள்.

சொன்ன விலைக்கு அவள் ஒரு பொருள் வாங்கி இந்த ஒன்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று பயந்துபோனேன்.

“போட்டுப் பாருங்க” என்று கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனாள்.

சற்றுமுன் கொண்டை முடிந்தாளே, அதே இடம். அங்கே சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி. உள்ளே நுழையும்போது அது முதுகுப்பக்கம் இருந்தது; அப்புறம் அவள் தோளைத் தவிர எதையும் நான் கவனிக்கவில்லை. கோப்பெங் கடைகளில் அப்படியொன்று கிடையாது.

கண்ணாடியில் புதுச் சட்டையோடு நான் நின்றேன். எனக்குப் பின்னால் மேசை, விரித்துப் போட்ட சேலைகள், மீரானின் தொப்பி, அவர் என்னைப் போகச் சொன்ன பின்கதவு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

செல்லாயி வந்து பக்கத்தில் நின்றாள். கண்ணாடியைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். இடுப்பைத் தட்டினாள். அவள் தோள் மறுபடி குலுங்கியது.

“நவமணிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க” என்றாள்.