மைனஸ் ஒன்று

“நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி இதுல ஒரு எரர்கூட வந்ததில்லையேம்மா!” என்றார் மேனேஜர்.

அறையில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குள் பாம்பு இருக்கிறது என்று சொன்னவளே அதைக் கொண்டுவந்து விட்டவள் என்பதுபோல் பார்த்தார்கள்.

வராமல் எங்கே போகும்? வந்துகொண்டுதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்களுடைய புரோகிராம் ஆஸ்பத்திரிகளில் ஓடுகிறது. படுக்கையில் இருப்பவரின் நாடித்துடிப்பை வாங்கி, நர்ஸ்கள் உட்கார்ந்திருக்கும் மேஜையில் உள்ள திரைக்கு அனுப்புவது அதன் வேலை. சி மொழியில் யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ எழுதி வைத்துவிட்டுப் போனது. கணினியிடம் ‘இதை அனுப்பு’ என்று சொல்வதோடு அவர் கடமை முடிந்துவிடும். அனுப்ப முடியாவிட்டால் கணினி ‘மைனஸ் ஒன்று’ என்று மரியாதையாகப் பதில் சொல்லும். அந்தப் பதிலை அவர் ஓர் இடத்தில்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

எண் வந்து சேராவிட்டால் திரை என்ன செய்யும்? கடைசியாக வந்ததையே காட்டிக்கொண்டு, தேமே என்று பச்சையாக நிற்கும். எழுபத்திரண்டு. படுக்கையில் இருப்பவருக்கு என்ன ஆனாலும் எழுபத்திரண்டு.

இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்காகத்தான் ‘ராப்பர்’ என்று ஓர் உறையை எழுதினாள். சின்ன ஃபங்ஷன்தான், புரோகிராமுக்குள் ஒரு குட்டிப் புரோகிராம். கணினியிடம் சொல்கிற எந்த வேலையும் இனி அதன் வழியாகத்தான் போக வேண்டும். அது பின்னாலேயே நின்று ‘நடந்ததா?’ என்று கேட்கும். நடக்கவில்லை என்றால் திரையைச் சிவப்பாக்கிக் கத்தும். ஆபீஸில் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, கண் பூத்துப்போகும் அளவுக்கு ஒவ்வொரு வரியாகத் தேடிப்பிடித்து, புரோகிராம் முழுக்க மாமியாரை உட்கார வைத்தாள்.

இப்போது ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன். திரை சிவக்கிறதாம், கத்துகிறதாம், நர்ஸ்கள் திட்டுகிறார்களாம். பழையபடியே கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள்.

“சார், அவங்க கேபிள் லூசா இருக்கு. லைன் விட்டு விட்டு வருது. அதைத்தான் சார் இது சொல்லுது.”

“ஊர் வம்பு நமக்கெதுக்கும்மா? அதை வாயை மூடச் சொல்லுங்க.”

போர்டில் படம் போட்டாள். கட்டில் வரைந்தாள், திரை வரைந்தாள், நடுவில் அறுந்த கோடு வரைந்தாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரோடு பேசியிருந்தால் சுவராவது குறுக்கே பேசாமல் இருந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் புது வெர்ஷன் போயாக வேண்டும் என்று கூட்டம் முடிந்தது.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதிலும் பெரிய எரிச்சல், இதற்கு ஒரே ஒரு வரி போதும் என்பது. கேள்வியை எல்லா இடத்திலும் தனித்தனியாக எழுதாமல் ஒரே ஃபங்ஷனில் வைத்தால் மாற்றுவது சுலபம் என்று ஆபீஸுக்கே பாடம் எடுத்தவள் அவள்தான். ரொம்பவும் சுலபமாகத்தான் இருந்தது.

மைனஸ் ஒன்று வந்தால் பேசாமல் இரு.

வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தாள். விட்டால் பக்கத்து சீட்டுக்காரன் இதே வரியை எழுதுவான், அதுவும் அரட்டை அடித்துக்கொண்டே. மேனேஜர் ஒன்றும் கெட்டவர் இல்லை, பாவம், அவருக்கு இதெல்லாம் புரியவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். புரியாத மனிதரோடு என்ன சண்டை?

எழுதினாள். சோதிக்கிற கணினியில் போட்டு, கேபிளைப் பிடுங்கிப் பார்த்தாள். சத்தமே இல்லை. திரை பச்சையாக இருந்தது. பார்க்கச் சகிக்காமல் கேபிளைத் திரும்பச் செருகினாள்.

ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தபோது மேனேஜர் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும் நின்றபடியே பேசுகிறவர். சமாதானம் செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தாள். சூடாக நாலு வார்த்தை கேட்கத் தயாராகவும் இருந்தாள்.

“பொண்ணைப் பிரசவத்துக்கு நாளைக்குச் சேர்க்கிறோம்” என்றார். எந்த ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு எந்த மாடி என்றும் சொன்னார். அங்கே ஓடுவதும் அவர்களுடைய புரோகிராம்தான்.

நாலு வார்த்தையையும் விழுங்கிக்கொண்டு, “நல்லபடியா நடக்கும் சார்” என்றாள்.

அவர் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. பக்கத்து சீட் காலியா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“அங்க மட்டும் இன்னிக்கு எழுதின வரி வேண்டாம்மா. நேத்து இருந்தது அப்படியே இருக்கட்டும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் போர்டில் போட்ட படம் ஒரு கோடு விடாமல் அவருக்குப் புரிந்திருக்கிறது. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. குரல் மட்டும் எப்படியோ சாதாரணமாக வந்தது.

“ஆஸ்பத்திரி முழுக்கவா சார்?”

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார்.

“வேண்டாம், அப்புறம் கம்ப்ளைன்ட் வரும். மூணாவது மாடி மட்டும் போதும்.”