மார்ச் வரைக்கும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை அலுவலகத்தில் மதிய வெயில் கணினித் திரையில் விழுந்து கூசுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் லோகேஷின் சம்பளத்தில் வரிச்சலுகைகள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று கணக்குப் பிரிவு தாட்சாயிணி ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். வாடகைப்படி சரி. "சாப்பாட்டு கூப்பன் அப்டியே கீதே, துன்றியா இல்லியா நைனா?" அடுத்தது மருத்துவக் காப்பீடு. மனைவி: வித்யா. தாட்சாயிணியின் கை மவுசின்மேல் நின்றுவிடுகிறது. ஆடியில் வித்யாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன அன்று தாட்சாயிணியும் வீட்டுக்கு வந்திருந்தாள். "இத்த எடுத்துடட்டா?" வெளியே லேத் இரைகிறது. லோகேஷ் அடையாள அட்டைக் கயிற்றை விரலில் இறுக்கிச் சுற்றுகிறான். "இந்த வருசத்துல கொஞ்ச நாள் இருந்தாளேக்கா." "வருசம் முழுக்கப் பணம் கட்டிக்கீறே. மார்ச் வரைக்கும் இருக்கலாம், தப்பில்ல." அவன் எழுந்து, நாற்காலியை ஓசையில்லாமல் உள்ளே தள்ளுகிறான். "ஏப்ரல்ல நீங்களே எடுத்துடுங்கக்கா. என்னைக் கூப்புடாதீங்க."